கூண்டும் சுற்றமும்

உயிர் வாழ உணவு வேண்டும், உறைவிடம் வேண்டும், நோய்க்கு மருந்தும் வேண்டும். இம்மூன்றும் கிடைத்துவிட்டால் வாழ்வு நிறைந்துவிடுமா? நிறையாது என்பதை ஒரு கொரில்லாவின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

அமெரிக்க நாட்டில் அட்லாண்டா நகரத்து விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961ஆம் ஆண்டில் ஓர் இளம் ஆண் கொரில்லா கொண்டுவரப்பட்டது. அதற்கு 'வில்லி பி.' என்று பெயரிட்டனர். ஓர் அறையே அதன் உலகமாயிற்று. ஊசலாடுவதற்கு ஒரு டயர். பார்ப்பதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. வேளை தவறாமல் உணவும் கிடைத்தது. ஆனால், தன் இனத்துணை இன்றி அது 27 ஆண்டுகளைக் கழித்தது. அதனை வெறுத்து எவரும் அவ்வாறு செய்யவில்லை. நகர மக்கள் அதன்பால் அன்பு கொண்டே இருந்தனர். அதன் இயல்பை எண்ணிப் பாராமையே குறை.

அவ்வியல்புதான் யாது? ஆப்பிரிக்கக் காடுகளில் கொரில்லாக்கள் குடும்பமாக வாழ்வன. முதுகு மயிர் வெள்ளிபோல் வெளுத்த முதிர்ந்த ஆணே குடும்பத் தலைவன். எங்கே உண்பது, எங்கே தங்குவது என்பவற்றை அதுவே முடிவு செய்யும். பூசல் எழுந்தால் இடைபுகுந்து அடக்கும். தாய், குட்டிக்கு மூன்று நான்கு ஆண்டுகள் பாலூட்டும். உண்ணத்தக்கது எது என்பதைக் குட்டி தாயைப் பார்த்தே கற்கும். மாலைதோறும் அவை தழைகளை மடக்கிப் படுக்கை அமைத்து உறங்கும். மக்களை ஆறறிவுயிர் என வகுத்த தொல்காப்பியர், அக்கிளையில் வேறு உயிர்களும் உண்டு என்று கூறியது இங்கு நினைக்கத்தக்கது.

"கூண்டில் பகையில்லை, பசியில்லை, நெடுநாள் வாழலாமே" என்பர் சிலர். அது மெய்யே. காட்சிச்சாலையில் பிறந்த முதற் கொரில்லாவாகிய கோலோ, 1956ஆம் ஆண்டில் கொலம்பசு நகரில் பிறந்து, 2017 வரை அறுபது ஆண்டுகள் வாழ்ந்தது. ஆயினும் அதனை வளர்த்தவர்கள் மனிதர்களே; தாயின் மடியில் அது வளரவில்லை. ஆண்டுகளை மட்டும் எண்ணி வாழ்வை அளத்தல் பொருந்தாது. இன்று நல்ல காட்சிச்சாலைகள் குட்டியைத் தாயிடமே விடுகின்றன. தாய் வளர்க்க இயலாதபோது வேறொரு பெண் கொரில்லாவைச் செவிலித்தாயாக்க முயல்கின்றன.

"அப்படியாயின், அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடலாமே" எனலாம். கூண்டில் பிறந்து வளர்ந்தவை காட்டு வாழ்வை அறியா. திடீரென விடுதல் கொலைக்கு ஒப்பாகும். ஆதலின், அவற்றிற்கு இருக்கும் இடத்திலேயே சுற்றத்தை அமைத்துத் தருவதே அறம். ஆண் குட்டிகளும் பெண் குட்டிகளும் ஏறத்தாழச் சமமாகவே பிறக்கின்றன. குடும்பத்திற்கோ ஓர் ஆண் தலைவனே போதும். எஞ்சிய ஆண்களைத் தனித்தனியே அடைக்காமல், ஒரு குழுவாக வாழவைக்கும் காட்சிச்சாலைகளும் உண்டு. இதற்கும் இடமில்லாதவர்கள் கொரில்லாவை வைத்திருத்தலே தகாது என்பது என் கருத்து.

வில்லி பி.யின் கதை துன்பத்தோடு முடியவில்லை. 1988ஆம் ஆண்டில் அது திறந்த புல்வெளிக்கு வந்தது. பின்னர்ப் பெண் துணைகளும் வாய்த்தன. 1994இல் தந்தையாயிற்று. 2000ஆம் ஆண்டில் இறப்பதற்குள் ஐந்து குட்டிகளைப் பெற்றது. 27 ஆண்டுத் தனிமைக்குப் பின்னும் சுற்றத்தைப் பேணும் பண்பு அதனிடம் அழியாதிருந்தது.

இம்மாற்றம் எவ்வாறு வந்தது? 1984ஆம் ஆண்டில் அக்காட்சிச்சாலையின் சீர்கேடுகளை மக்கள் கண்டித்துக் கேட்டனர். அதன் பின்னரே அது திருத்தியமைக்கப்பட்டது. மாணவர்களே! கூண்டின்முன் நிற்கும்போது, "இஃது எவ்வளவு பெரியது? எவ்வளவு உண்ணும்?" என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். "இதன் சுற்றம் எங்கே?" என்றும் கேளுங்கள்.