நொண்டுகிற குதிரைக்கு ஊசியா வைத்தியம்?

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு சாரட் வண்டி புக் பண்ணப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். குதிரையை வண்டியில் பூட்டாமல், தார் ரோட்டில் நேராக நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தலையை. ஒரு முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் தலை வெடுக்கென்று மேலே போனால், வலி அந்தக் காலில் இருக்கிறது. நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். இதைக் கண்டுபிடிக்க டாக்டர் படிப்பு தேவையில்லை.

'அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், கல்லு குத்திடுச்சு. ஒரு ஊசி போட்டா ஓடும்' என்பார் வண்டிக்காரர்.

ஓடும். அதுதான் பிரச்னையே!

வலி என்பது குதிரைக்கு இருக்கும் ஒரே காவல்காரன். வலிக்கிற காலில் அது பாரத்தைக் குறைத்து வைக்கிறது. ஊசி போட்டு அந்தக் காவலையும் எடுத்துவிட்டு, தார் ரோட்டில் மேளதாளத்தோடு இழுக்க வைத்தால், உள்ளே இருக்கும் புண் ஆறுமா, பெருகுமா? போதாததற்கு, வலி மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு. (டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2006-ல் இந்தியாவில் தடை வந்தது. அது மாட்டுக்காகவோ குதிரைக்காகவோ வந்த தடை இல்லை. அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் வந்தது.)

குளம்பு என்றால் கட்டைபோல ஒரு பொருள் என்று நினைக்கிறோம். அது நம் நகம் மாதிரி வளருவது. உள்ளே இருக்கும் எலும்பு, காளானின் அடியில் இருக்குமே மெல்லிய மடிப்புகள், அதுபோன்ற மடிப்புகளால் குளம்புச் சுவரோடு ஒட்டித் தொங்குகிறது. குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவிகிதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. தானியத்தை அளவு மீறித் தின்றாலோ, உடம்பு பெருத்துப் போனாலோ, ஒரு கால் அடிபட்டு எல்லாப் பாரமும் இன்னொரு காலில் விழுந்தாலோ அந்த மடிப்புகள் வீங்கிப் பிடி தளர்கின்றன. எலும்பு சாய்கிறது. மோசமானால் அடித்தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. இதற்கு லேமினைட்டிஸ் என்று பெயர்.

குளம்பின் பின்பக்கம் இருக்கும் சின்ன எலும்பு கெட்டுப்போவது இன்னொரு வகை. அது முழுசாகக் குணமாகாது, சமாளிக்கலாம். நரம்பை வெட்டிவிடும் ஆபரேஷன்கூட இருக்கிறது. கால் உணர்ச்சியே இல்லாத குதிரையை நடுரோட்டில் ஓட்டுவது யாருக்கு நல்லது என்று அதைக் கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

சரி, உண்மையான வைத்தியம் என்ன? எக்ஸ்ரே எடுத்து எலும்பு எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. அதற்கேற்பக் குளம்பைச் செதுக்கி, குதிகாலுக்கோ அடிப்பகுதிக்கோ தாங்கல் தரும் லாடம் அடிப்பது. மணல் பரப்பிய கொட்டடி. தானியத்தைக் குறைத்துப் புல். அப்புறம் ஓய்வு. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளராது. மேலிருந்து கீழே வரை புதிதாக வளர 9 மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். வலி ஊசி இந்த வைத்தியத்துக்கு நடுவில் டாக்டர் கையால் வரலாம். வேலைக்கு அனுப்புவதற்காக வரக் கூடாது.

பணம் இருந்தாலும் சில நேரம் தோற்போம். அமெரிக்காவின் பார்பரோ 2006-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்த குதிரை. அடுத்த ரேஸில் பின்னங்கால் முறிந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் முறிவைச் சேர்த்துவிட்டார்கள். பாரம் தாங்கிய மறு காலில் லேமினைட்டிஸ் வந்தது. 2007 ஜனவரி 29-ல் வலியில்லாமல் சாக வைத்தார்கள். 'கொல்றது பாவம்' என்று நாம் சொல்வோம். அதே வாயால், நிற்க முடியாத குதிரையை ரோட்டோரம் அவிழ்த்துவிட்டும் போவோம்.

வண்டிக்காரரை மட்டும் திட்டிப் புண்ணியமில்லை. ஒரு குதிரையை வைத்து ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. ஒரு வருஷ ஓய்வு என்றால் ஒரு வருஷப் பட்டினி. நோயுற்ற மிருகத்தை வேலை வாங்குவது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் முதல் தப்புக்கு வைத்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். எந்தப் போலீஸ்காரர் 50 ரூபாய்க்குக் கேஸ் எழுதுவார், சொல்லுங்கள்!

ஓசூரைப் பாருங்கள். டி.வி.எஸ். வண்டியும் லேலண்ட் லாரியும் செய்கிற ஊர். பைக் டயர் பஞ்சரானால் பத்து நிமிஷத்தில் ஆள் கிடைக்கும். குதிரைக்கு? மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைக் கூப்பிட்டு, 'இதுக்கும் அடிங்கண்ணா' என்கிறோம். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. இரண்டுக்கும் ஒரே கை போதுமா? அரசு கால்நடை டாக்டர்களின் நாள் கறவை மாட்டோடு போய்விடுகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் 300 கிலோமீட்டர் தள்ளி சென்னை வேப்பேரி. அல்லது அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூர் ஹெப்பால். நொண்டும் குதிரையை வேனில் நிற்க வைத்து அந்த டிராஃபிக்கில் கொண்டு போங்கள் பார்க்கலாம்.

இத்தனைக்கும் ஓசூரை ஒட்டியே மத்திகிரி இருக்கிறது. வெள்ளைக்காரன் தன் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம், இன்றைக்கு 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை. அங்கே ஒரு கொட்டகை, ஒரு எக்ஸ்ரே மெஷின், குளம்பு செதுக்க முறையாகப் பயிற்சி எடுத்த இரண்டு பேர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வருகிற வண்டிக் குதிரைகளுக்கு இலவசம் என்று ஒரு போர்டு. லேலண்டும் டி.வி.எஸ்ஸும் இருக்கிற ஊரில் இதற்கு எவ்வளவு செலவாகிவிடும் என்று, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் விசாரியுங்கள்.