எழுதி வைக்காமப் போறதுல என்ன பெருமை?

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்துல எழுதறேன், பொறுமையாப் படிங்க.

போன ஞாயித்துக்கிழமை என்கிட்ட அஞ்சாங்கிளாஸ் படிச்ச பையன் ஒருத்தன் காந்திபுரம் வீட்டுக்கு வந்தான். பெங்களூர்ல ஒரு கம்பெனியில ஏஎஸ்/400 கம்ப்யூட்டர்ல வேலை. முகம் வாடியிருந்துது. "என்ன கண்ணு?"ன்னேன். "சொந்தமா ஒரு கமாண்ட் எழுதச் சொல்றாங்க டீச்சர். முன்னாடி எழுதினவர் ரிட்டையர் ஆயிட்டார். ஒரு வரி குறிப்புகூட வெச்சுட்டுப் போகலை"ன்னான்.

உக்கார வெச்சு விவரம் கேட்டேன். ஏஎஸ்/400ங்கறது 1988ல ஐபிஎம் கொண்டு வந்த நடுத்தர ரகக் கம்ப்யூட்டர். அதோட கமாண்டுக்கு நம்ம இலக்கணம் மாதிரி ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல மூணு எழுத்துல வினை, அப்புறம் பொருள். டிஎஸ்பின்னா காட்டு, சிஆர்டின்னா உருவாக்கு, டிஎல்டின்னா அழி. நாமளும் சொந்தமா ஒண்ணு செஞ்சுக்கலாம். என்னென்ன விவரம் கேக்கணும்னு ஒரு பக்கம் எழுதணும். வேலையைச் செய்யற புரோகிராமை இன்னொரு பக்கம் எழுதணும். சிஆர்டிசிஎம்டின்னு ஒரு கமாண்ட் ரெண்டையும் சேத்து வைக்கும். அப்புறம் எஃப்4 அழுத்தினா நிரப்ப வேண்டிய இடமெல்லாம் திரையில வந்துரும்.

இதுக்குக் கையேடு இல்லையான்னா, இருக்கு. ஐபிஎம்மே எழுதி இணையத்துல சும்மா படிக்க வெச்சிருக்கு. தேடிக் கண்டுபிடிக்கறதுதான் பாடு. 2000ல பேரை ஐசீரிஸ்னு மாத்தினாங்க, 2006ல சிஸ்டம் ஐ, 2008ல ஐபிஎம் ஐ. வெறும் "ஐ"ன்னு தேடினா என்ன சாமி கிடைக்கும்? கையேடு இருந்த இடமும் மாறிட்டே இருந்திருக்கு. "மெஷின் பேரை விட்டுட்டு அந்தக் கமாண்ட் பேரைப் போட்டுத் தேடு கண்ணு"ன்னேன். கிடைச்சுது.

ஆனா அந்தக் கம்பெனிக்குன்னு எழுதின கமாண்டுகள் இருக்கே, அதை ஐபிஎம் எழுதி வைக்குமா? மாசக் கடைசியில எது முடிஞ்சப்புறம் எதை ஓட்டணும், தப்பா ஓட்டினா என்ன கெடும்? இது அந்த ரிட்டையர் ஆனவர் தலைக்குள்ள மட்டும் இருந்துது. ஏஐகிட்ட கேட்டாலும் இது வராது. எங்கயும் எழுதாததை அது எங்கிருந்து படிக்கும்?

"எழுதி வெச்சா நம்மளை யார் தேடுவாங்க?" இதுதான் உள்ளுக்குள்ள இருக்கற எண்ணம். நம்ம ஊர் லேத் பட்டறையிலயும் பம்பு கம்பெனியிலயும் பாத்திருக்கேன். பையன் பக்கத்துல வந்தா முதுகைத் திருப்பிக்கிட்டு செட்டிங் பண்ற மேஸ்திரிங்க உண்டு. இதைத் திறமைன்னு சொல்றாங்க. நான் கடன்னு சொல்றேன். சம்பளம் வாங்கிச் செஞ்ச வேலையில பாதியைக் கொடுக்காமப் போனா அது கடன்தானே?

"எழுத நேரமில்லை"ன்னு சொல்லாதீங்க. 34 வருஷம் வாத்தியார் வேலை பாத்தேன். கூட்டல் கணக்கு நடத்தறதுக்கே பாடக்குறிப்பு எழுதி, வாராவாரம் ஹெட்மாஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அலுத்துக்கிட்டேதான் எழுதினேன். ஆனா நான் காய்ச்சல்ல படுத்த நாள்ல பக்கத்து கிளாஸ் டீச்சர் அந்த நோட்டைப் பாத்துத்தான் பாடத்தை நடத்தினாங்க. பிள்ளைங்க படிப்பு நிக்கலை. ஆயிரத்துல சம்பளம் வாங்கின நாங்க எழுதினோம். லட்சத்துல வாங்கறவங்களுக்கு என்ன கேடு?

அந்த மெஷின்ல ஜென்சிஎம்டிடாக்னு ஒரு கமாண்டே இருக்காம். நீங்க செஞ்ச கமாண்டுக்கு உதவிக்குறிப்பு எழுத அதுவே வார்ப்பு போட்டுக் கொடுக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பற வேலைதான் மிச்சம். மூணாங்கிளாஸ்லயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது!

என் பழைய மாணவர்களுக்கெல்லாம் வீட்டுப்பாடம். ஆபீஸோ, மில்லோ, தோட்டமோ, சமையக்கட்டோ, உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச வேலை ஒண்ணை ஒரு பக்கம் எழுதி, அடுத்து வர்றவங்க கண்ணுல படற இடத்துல வைங்க. தமிழ்ல எழுதினா இன்னும் சந்தோசம். எழுத்துப்பிழைக்குப் பயப்படாதீங்க. எனக்கு அனுப்புங்க, திருத்தித் தர்றேன். செவப்பு மை பேனா இன்னும் மேசையிலதான் இருக்கு.