தேவை என்று ஒரு கடிதம்

மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் கடல் கடந்ததும் மீண்டும் மாணாக்கராவது ஏன் என்று, இறுப்பிட்டியிலே பிள்ளையை யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு அனுப்பிவைத்த பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1978ஆம் ஆண்டு தொடங்கிய அப்பீடத்தின் பட்டம், உள்ளகப் பயிற்சியும் முடிந்தால், இந்நாட்டில் எந்த நோயாளியையும் பார்க்கப் போதுமானது. அமெரிக்க வைத்தியசாலையொன்றில் பயிற்சி வைத்தியராகச் சேர மட்டும் அது போதாது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணம் முன்னர் நிகழ்ந்தது. டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தங்கித் தமிழ் கற்று, மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்து, 1873இல் தம் நாடு திரும்பினார். அவரை நாம் எப்பரீட்சையும் எழுதச் சொல்லவில்லை!

அவருடைய தேசத்தில், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியை ஆராய்வதற்கென 1956இல் ஓர் அமைப்பு நிறுவப்பெற்றது. இன்று பரீட்சை மூன்று படிகளையுடையது. முதற்படி ஒரே நாளில் எட்டு மணி நேரம் நடைபெறும். 2022 ஜனவரி முதல் அதற்குப் புள்ளி வழங்கப்படுவதில்லை. சித்தி, சித்தியின்மை என்ற இரண்டே முடிவுகள். ஆதலால் இரண்டாம் படியின் புள்ளியே இப்போது பெரிதாக நோக்கப்படுகின்றது. செப்டெம்பரில் விண்ணப்பம், பின்னர் நேர்முகம். அதன்பின் விண்ணப்பதாரர் விரும்பும் வைத்தியசாலைகளின் வரிசையும், வைத்தியசாலை விரும்பும் விண்ணப்பதாரரின் வரிசையும் கணினியிலே இணைத்துப் பார்க்கப்படும். பொருத்தம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் இங்கே தரகருக்கு வேலையில்லை.

மார்ச் நடுப்பகுதியில் பொருத்தம் தெரியவரும். ஜூலை முதலாம் திகதியளவில் வேலையேற்க வேண்டும். இடையிலுள்ள மூன்றரை மாதத்தில்தான் விசாப் படலம். 2025 மே மாத இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் இவ்வகை விசாக்களுக்குப் புதிதாக நேர்முக நாள் வழங்குவதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தபோது, பரீட்சையெல்லாம் தேறியவர்களும் கையைப் பிசைந்துகொண்டிருந்தனர். எச்-1பி என்னும் வேறொரு விசா உண்டு. அதற்கு மூன்றாம் படியையும் முன்னரே தேறியிருக்க வேண்டும். அப்பரீட்சையோ அமெரிக்க மண்ணிலே மட்டும் நடைபெறுவது. போதாக்குறைக்கு, வெளிநாட்டிலிருப்போருக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 2025 செப்டெம்பரில் ஒரு இலட்சம் டொலர் கட்டணமும் விதிக்கப்பட்டது.

ஆகவே பலரும் நாடுவது ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவை. அதற்கு நமது சுகாதார அமைச்சின் கடிதமொன்று இன்றியமையாதது. இன்ன துறையில் தேர்ந்த வைத்தியர் இந்நாட்டுக்குத் தேவை. இவர் பயிற்சி முடிந்ததும் நாடு திரும்பித் தொழில் செய்வதாக எழுத்தில் உறுதியளித்துள்ளார் என்பது அதன் சாரம். ஒருவர் நாட்டுக்குத் தேவை என்று எழுதிக்கொடுத்தால்தான் அவர் நாட்டைவிட்டுப் போகலாம்! பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் வாழ்ந்த பின்னரே அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம் என்பது விதி.

விதிக்கு விலக்கும் உண்டு. வைத்தியர் குறைந்த அமெரிக்கப் பிரதேசமொன்றில் மூன்றாண்டு பணியாற்ற உடன்பட்டால் இரண்டாண்டு நிபந்தனை நீக்கப்படலாம். இத்திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு முப்பது பேர்வரை பரிந்துரைக்கலாம். அவர்கள் தங்கள் பட்டிக்காட்டுக்கு வைத்தியரைச் சட்டத்தின்மூலம் தேடிக்கொள்கின்றனர். அதில் குற்றமில்லை. நெடுந்தீவில் நோய் முற்றியவரையோ இன்றும் பெரும்பாலும் படகிலேற்றிக் குறிகட்டுவானில் இறக்கி, புங்குடுதீவைக் கடந்து யாழ்ப்பாணம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. அவருக்காக எந்தச் சட்டம் வைத்தியரைத் தேடுகிறது?

போகும் இளைஞரை நான் பழிக்கமாட்டேன். அரசாங்கமே 2022இல், டொலர் தட்டுப்பாட்டின்போது, அரச ஊழியர் சம்பளமற்ற ஐந்தாண்டு விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிவிட்டது. தீவிலே வீடுகள் பூட்டிக் கிடக்கையில், ஒரு வைத்தியரை மட்டும் தனியே நின்று ஊரைக் காக்கச் சொல்வது எவ்வாறு?

எனினும் அந்த உறுதிமொழியை, பத்தோடு பதினொன்றாக நிரப்பும் படிவமென்று கருதிக் கையொப்பமிடுவது எனக்கு உவப்பானதன்று. என்னிடம் ஆலோசனை கேட்டுவரும் பழைய மாணாக்கர்களிடம், அக்கடிதத்தைத் தமிழாக்கி, ஒப்பமிடுமுன் வீட்டாருக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுமாறு சொல்லிவருகிறேன். விலக்குப் பெறும் எண்ணம் இருப்பின் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. பேரப்பிள்ளையை எந்த ஊரில் காணலாம் என்பதை முன்கூட்டியே அறிய அவர்களுக்கு உரிமையுண்டு.