அடைபட்ட படலைகள்

நண்பர் வீட்டுக்கு வழி கேட்பவரிடம், "இந்த ஒழுங்கையால் நேரே சென்று வேம்படியில் திரும்பினால் படலை தெரியும்" என்கின்றோம். அங்கே படலைக்குப் பதிலாக மதில் எழுந்திருந்தால், வந்தவர் யாரை நொந்துகொள்வார்? வழி சொன்ன நம்மையன்றோ!

பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவி ஒருவர் அண்மையில் எனக்கு எழுதியிருந்தார். வேறோர் இணையத்தளத்தில் நான் விருந்தினனாக எழுதிய கட்டுரையின் அடியில், மேலதிக விவரங்களுக்கெனத் தந்திருந்த சுட்டியை அவர் அழுத்தினாராம். 404 என்னும் எண்ணே எதிர்ப்பட்டதாம். பிழை என்னுடையது. என் தளத்தின் முகவரிகளை மாற்றியமைத்த நான், பழைய முகவரியை நம்பி வருவோரை மறந்துவிட்டேன்.

இஃது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி நிலையம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் நூற்றுக்கு 38 வீதமானவை பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை. வையவிரிவலையை உருவாக்கிய ரிம் பேர்ணர்ஸ்-லீ, முகவரிகளை மாற்றாதிருத்தலே முறையென்று 1998இலேயே வற்புறுத்தினார். கேட்டோர் சிலரே.

பிறர் தளங்களில் எழுதும் மாணவர்களே, வாசகர் ஏமாறுவதோடு நட்டம் முடிவதில்லை. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் சுட்டியைக் கூகிள் போன்ற தேடுபொறிகள் நற்சான்றாகக் கொள்கின்றன. சுட்டி முறிந்தால் அச்சான்றும் நம்மை வந்தடையாது.

பரிகாரம் யாது? எங்கே, எந்நாளில் எழுதினோம், எப்பக்கத்துக்குச் சுட்டி தந்தோம் என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். பக்கம் திறந்ததென்று திருப்தியடையாது, அதனை வாசித்தும் பாருங்கள். கைவிடப்பட்ட முகவரியைப் பிறர் வாங்கி வேறு சரக்கு விற்பதுமுண்டு.

நம் பக்கம் இடம் மாறியிருப்பின், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் அமைத்தல் வேண்டும். பழைய தளப்பெயர் நம் கையில் உள்ளவரையே இது கைகூடும். ஆதலின் அதனைப் புதுப்பிக்கத் தவறற்க. சுட்டியைத் தவறாக எழுதியிருந்தாலோ, மற்றைத் தளத்தார் அதனை நீக்கியிருந்தாலோ, கட்டுரையின் பெயர், பழைய முகவரி, சரியான முகவரி மூன்றையும் குறித்து ஆசிரியருக்குப் பணிவாக எழுதுங்கள். திருத்துவதும் விடுவதும் அவர் உரிமை. விருந்தினர் வீட்டுக்காரரை அதட்டலாகாது.

நாம் மேற்கோள் காட்டிய பிறர் பக்கமே மறைந்துபோயின், 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணக் காப்பகத்தில் அதன் படி இருக்கின்றதா என்று தேடுங்கள். இருந்தால், அதற்குச் சுட்டி தரலாம்.

அம்மாணவிக்குச் சரியான முகவரியை அன்றே அனுப்பினேன். பின்னர் என் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினேன். எழுதி முடித்ததும் கடமை முடிந்ததென்று எண்ணியிருந்தேன். வழி காட்டியவனுக்கு அவ்வழியைப் பேணுங் கடமையும் உண்டென்பதை ஒரு மாணவி கற்பித்தார்.