மகளை அதட்டாதீர்கள், தாய்மார்களே!

பட்டர்வொர்த் வட்டாரத் தோட்டங்களிலும் சரி, தோட்டத்தை விட்டுப் பிறை தொழிற்சாலைகளுக்குப் போய்விட்ட குடும்பங்களிலும் சரி, ஒரு விஷயத்தை நாம் வாய் திறந்து பேசுவதே கிடையாது. பதினாறு வயதுப் பெண் குளிக்கும்போது மார்பு கெட்டியாக, உள்ளே மணிமணியாகத் தட்டுப்படுகிறது. புற்றுநோயோ என்று பயந்து தூக்கம் கெடுகிறது. அம்மாவிடம் சொன்னால், "சும்மா கெட, யார் காதிலயாவது விழப்போவுது" என்ற அதட்டல்தான் பதில்!

இளவயதில் மார்பில் கொழுப்பைவிடப் பால் சுரப்பிகளும் நார்த் திசுவும் அதிகம். ஆகவே கெட்டியாகத்தான் இருக்கும். மாதவிலக்குக்கு முன்பு வீங்கும், வலிக்கும், பிறகு தணியும். ஒரு பக்கம் சற்றுப் பெரிதாக இருப்பதும் சகஜமே. வயது ஏற ஏற மிருதுவாகும்.

ஆனால், தனிக்கட்டி ஒன்று மாதவிலக்கு முடிந்தும் கரையாவிட்டால், தோல் உள்ளிழுத்தால், காம்பில் இரத்தம் கசிந்தால், எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இளம் பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுப் பாட்டியல்ல. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்பதில் தப்பில்லை.

மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய்தான். பலர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அந்த மௌனம் பதினாறு வயதிலேயே பழகிப்போனது. இன்று உங்களிடம் தைரியமாகச் சொல்லும் மகள், நாற்பது வயதிலும் மறைக்கமாட்டாள். கேளுங்கள், தாய்மார்களே, காது கொடுத்துக் கேளுங்கள்!