ரெப்போவை அழிக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்!

கள்ளிக்குப்பம், கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை ஒருவராவது இருப்பார். அந்த வீட்டு லேப்டாப் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. கல்யாண ஆல்பம், ஆதார் ஸ்கேன், அப்பாவின் வருமான வரிக் கணக்கு, தம்பியின் கேம் என எல்லாம் அதில்தான். ஒருநாள் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று செய்தி வரும். எதை அழிக்கலாம் என்று வீடே சேர்ந்து தேடும். அப்போது முதலில் கண்ணில் படுவது, யாருக்கும் பெயர் புரியாத நாலைந்து ஃபோல்டர்கள். 'இது என்ன குப்பை?' என்று கை டெலிட் பட்டனுக்குப் போகும்.

குப்பையாகவும் இருக்கலாம். பிள்ளையின் மூன்று மாத உழைப்பாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ரெப்போ என்றால் என்ன?

வீட்டில் ஒரு சமையல் குறிப்பு நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் பொடியின் அளவை யார், எந்தத் தேதியில், ஏன் மாற்றினார்கள் என்று ஒவ்வொரு திருத்தமும் அதில் இருக்கிறது. பழைய அளவும் அழியாமல் இருக்கிறது. புரோகிராம் எழுதுபவர்களுக்கு அப்படிப்பட்ட நோட்டுதான் ரெப்போ. இந்தக் கணக்கை வைத்துக்கொள்ள 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய மென்பொருள் 'கிட்'. அந்த நோட்டுகளை இணையத்தில் வைக்கும் பெரிய அலமாரி 2008-ல் தொடங்கிய 'கிட்ஹப்'.

தமிழிலும் இந்த அலமாரியில் நல்ல சரக்கு உண்டு. தமிழ் எழுத்துகளைக் கணினி சரியாகப் பிரித்து, எண்ணி, வரிசைப்படுத்த உதவும் 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பு ஓர் உதாரணம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அப்படி இறக்குவதற்குப் பெயர் 'குளோன்'. நோட்டின் கடைசிப் பக்கம் மட்டுமல்ல, முதல் பக்கத்திலிருந்து முழு ஜெராக்ஸும் உங்கள் லேப்டாப்புக்கு வந்துவிடும்.

அழிப்பது சுலபம்

குளோன் செய்த ரெப்போவுக்கு 'அன்இன்ஸ்டால்' கிடையாது. கன்ட்ரோல் பேனலில் தேடினாலும் கிடைக்காது. அது வெறும் ஒரு ஃபோல்டர். வரலாறு முழுவதும் அதற்குள்ளேயே 'டாட் கிட்' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. எனவே வெளி ஃபோல்டரை அழித்தால் போதும், எல்லாம் போய்விடும். கிட்ஹப்பில் இருக்கும் மூலப்பிரதிக்கு எதுவும் ஆகாது. ஜெராக்ஸைக் கிழித்தால் நோட்டு கிழியாது அல்லவா?

'ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது' என்று விண்டோஸ் அடம் பிடித்தால், விஎஸ் கோட், டெர்மினல் போன்றவற்றை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். ரிசைக்கிள் பின்னைக் காலி செய்தால்தான் டிஸ்க்கில் இடம் கிடைக்கும்.

ஆனால் எது போய்விடும்?

மற்றவர்கள் எழுதியதை வெறுமனே இறக்கிப் பார்த்திருந்தால் கவலையே இல்லை. வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். அந்த ஃபோல்டரில் நம் வீட்டுப் பிள்ளை தன் கையால் ஏதாவது எழுதியிருந்தால்தான் சிக்கல். லேப்டாப்பில் சேமித்ததெல்லாம் தானாகக் கிட்ஹப்புக்குப் போய்விடாது. 'புஷ்' என்று கட்டளை கொடுத்தால்தான் போகும். புஷ் செய்யாத வேலை உலகத்தில் அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் அழிக்கும் முன் நான்கு கேள்விகள்:

1. சேமிக்காத மாற்றம் இருக்கிறதா? அந்த ஃபோல்டருக்குள் போய் 'கிட் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் பட்டியல் வரும்.

2. எல்லாக் கிளைகளும் மேலே ஏறிவிட்டனவா? 'கிட் பிராஞ்ச்' கொடுத்தால் கிளைகளின் பெயர்கள் வரும். ஒவ்வொன்றும் கிட்ஹப்பில் இருக்கிறதா, கடைசி மாற்றம் இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள்.

3. பாதியில் ஒதுக்கி வைத்த வேலை உண்டா? 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' அதைக் காட்டும். இது சாதாரணமாக புஷ் செய்யும்போது மேலே போகாது.

4. கிட் கண்டுகொள்ளாத ஃபைல்கள் உண்டா? பாஸ்வேர்டு, ரகசியச் சாவி வைக்கும் 'டாட் என்வி' போன்றவற்றை வேண்டுமென்றே பட்டியலிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள். ஸ்டேட்டஸிலும் அவை தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு அழியுங்கள்.

பெரியவர்களுக்கும் சறுக்கியிருக்கிறது

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஓர் அழிக்கும் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்தது. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்த காலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

கிட்ஹப்பைப் போலவே ரெப்போக்களை வைத்திருக்கும் 'கிட்லேப்' நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு இன்னொரு விபத்து. வேறொரு சர்வரில் அழிப்பதாக நினைத்து, ஓர் ஊழியர் முக்கிய சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள்.

இரண்டிலும் காப்பாற்றியது இன்னொரு இடத்தில் இருந்த நகல்தான். எந்த இடத்தில் நின்று அழிக்கிறோம் என்று பார்க்காததுதான் கிட்லேபில் நடந்த தவறு. லினக்ஸிலும் மேக்கிலும் 'ஆர்எம்' கட்டளை ரிசைக்கிள் பின் வழியாகப் போகாது, நேராக அழித்துவிடும். விண்டோஸில் ஷிஃப்ட் அழுத்தி டெலிட் கொடுத்தாலும் அதே கதைதான்.

ஒன்டிரைவ் கவனம்

டெஸ்க்டாப்பில் ரெப்போ இருக்கிறதா? அந்த டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். தனிநபர் கணக்கில் 30 நாட்களுக்குள் அதன் ரிசைக்கிள் பின்னிலிருந்து மீட்கலாம்.

வெளியே சிதறியவை

ஃபோல்டர் போன பிறகும் சில மிச்சங்கள் இருக்கும். ப்ராஜெக்ட்டுக்காகத் தனியாக நிறுவிய பைதான் தொகுப்புகள், டாக்கர் இமேஜ்கள் ஆகியவை வேறு இடத்தில் கிடக்கும். சில நேரம் ரெப்போவைவிட இவைதான் அதிக இடம் பிடிக்கும். கிட்ஹப்பின் உள்நுழைவு விவரம் விண்டோஸின் 'கிரெடென்ஷியல் மேனேஜ'ரில் தங்கியிருக்கும்.

லேப்டாப்பை விற்கப் போகிறீர்கள் என்றால் இது ரொம்ப முக்கியம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுக்கும் முன் ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதாது. சாதாரணமாக அழித்த ஃபைலைப் பல நேரம் மீட்டுவிட முடியும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு 'கிளீன் டேட்டா'வையும் தேர்வு செய்யுங்கள். கோடில் இருக்கும் ரகசியச் சாவி தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊபர் உதாரணம். 2016-ல் அதன் தனிப்பட்ட கிட்ஹப் ரெப்போவுக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கிருந்த சாவி கிடைத்தது. 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பெயர் புரியாத ஃபோல்டரைப் பார்த்தால் பிள்ளையிடம் கேட்டுவிட்டு அழியுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தினமும் லேப்டாப்பை மூடும் முன் ஒரு 'புஷ்' கொடுத்துவிடுங்கள். அப்புறம் வீட்டில் யார் எதை அழித்தாலும் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.