உண்மை கூறும் நாணயம்

“பரீட்சையிற் பார்த்தெழுதியதுண்டா?” என்று நாம் வகுப்பிலே வினவினால் எவன்தான் ‘ஆம்’ என்பான்? இத்தகைய இடர்ப்பாட்டுக்கு 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஸ்ரான்லி வார்னர் என்பார் சுழல்முள் ஒன்றைக்கொண்டு வழி கண்டார். அதிலிருந்து கிளைத்த எளிய முறையொன்றைக் கூறுவோம்.

மாணவர் ஒவ்வொருவரும் பிறர் காணாது நாணயமொன்றைச் சுண்டுக. தலை விழுந்தால் ‘ஆம்’ என்றே எழுதுக. பூ விழுந்தால் உண்மையை எழுதுக. 100 பேரில் 60 பேர் ‘ஆம்’ என்றனர் என்போம். அவருள் ஏறத்தாழ 50 பேர் நாணயத்தின் ஏவலால் எழுதியோர். எஞ்சிய 10 பேரோ, பூ விழுந்த 50 பேருள் ஐந்திலொரு பங்கினர். ஆகவே பார்த்தெழுதியோர் வகுப்பில் ஐந்திலொருவர் என மதிக்கலாம். அவர் யாவர் என்பதை ஆசிரியரும் அறியார், பிரம்புக்கு வேலையில்லை!

சிறு வகுப்புக்கு இக்கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நாணயம் சரிபாதியை அண்டுவது பெருந்தொகையிலேதான். தலை விழுந்தும் ‘இல்லை’ என்றெழுதும் அச்சமுடையாரும் உளர். அவரால் விடை உண்மையினுங் குறைந்தே காட்டும்.